ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு வந்தவன்

"ஒன்பது ஐம்பத்தஞ்சு! நீங்க ஒருத்தர்தான் தம்பி நேரத்துக்கு வந்திருக்கீங்க" என்று வரவேற்பறை அக்கா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

அவனுக்கே நம்ப முடியவில்லை. வீட்டில் அவனுக்குப் பெயரே 'லேட்டு'. தாமதமாகப் போய்ப் போயே மூன்று வேலைகளைத் தொலைத்த மகராசன். இந்த நேர்முகத் தேர்வும் கைநழுவினால் அண்ணன் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான் என்று அண்ணி நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு தன் காரையும் கொடுத்தாள், பாவம்.

"மத்தவங்கல்லாம் எங்கேக்கா?"

"நாலு பேரும் ரோடு வேலை நடக்கிற இடத்துல மாட்டிக்கிட்டாங்களாம். வரிசையா போன் பண்றாங்க. எங்க மேடமே அங்கதான் நிக்கறாங்க."

லேட்டு கால்மேல் கால் போட்டுக்கொண்டான். அடுத்தவர் தாமதத்தைப் பற்றிப் பேச முதல் தடவையாக ஒரு வாய்ப்பு. விடுவானா?

"ரோடு வேலை நடக்குதுன்னு ஊருக்கே தெரியும். கொஞ்சம் முன்னாடி கிளம்ப வேண்டியதுதானே? நானும் அதே வழியாத்தான் வந்தேன்!"

"நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?"

"முன்னாடி போன வண்டியை ஒட்டியே போயிட்டேன். எனக்குப் பின்னாடி தடுத்துட்டாங்க. எங்க அண்ணி வேற வழி முழுக்க ஸ்பீக்கர்ல கேள்வி மேல கேள்வி கேட்டு என்னைத் தயார் பண்ணிட்டே வந்தாங்களா, நேரம் போனதே தெரியல. அந்த முனையில கொடி பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர் பின்னாடியே ஓடி வந்து கையாட்டினாருக்கா. நானும் ஆட்டினேன். என்ன பாசமான மனுஷன்!"

அறை புழுங்கியது. அக்கா எழுந்து ஜன்னல் கதவை மேலே தூக்கினாள். கையை எடுத்ததும் அது படாரென்று விழுந்தது.

"சனியன், நிக்கவே நிக்காது. மேடம் வந்தா புழுக்கம்னு என்னைத்தான் கடிப்பாங்க."

"இதுக்கா கவலைப்படறீங்க? ஒரு நிமிஷம்."

லேட்டு வெளியே ஓடினான். காரில் கிடந்த ஒரு கட்டையை எடுத்து வந்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தான். அளவெடுத்துச் செய்தது மாதிரி அப்படியே நின்றது. காற்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"நீங்கதான் இங்க வேலைக்கு வரணும் தம்பி" என்று அக்கா மனசாரச் சொன்னாள்.

மேலாளர் அம்மா வந்து சேரும்போது பதினொன்றரை. தலைமுடியெல்லாம் செம்மண் தூசு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அப்பாடா, காத்து! இவர் எப்ப வந்தாரு?"

"ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கே வந்துட்டாரு மேடம். ஜன்னலை நிக்க வெச்சதும் இவர்தான்."

மேலாளர் லேட்டுவை மேலும் கீழும் பார்த்தார். "லாரிகளை நேரத்துக்கு அனுப்புற வேலை இது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போறேன். உங்க பலம் என்ன?"

அண்ணி பத்து தடவை கேட்டுப் பழக்கிய கேள்வி! "பொறுப்பு மேடம். பொறுப்புதான் என் பலம்!"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. காலையில எனக்கு முன்னாடி போன கார்க்காரனும் போன்ல இதையேதான் கத்திக்கிட்டிருந்தான். ஆனா நீங்க சொன்னதைச் செஞ்சு காட்டியிருக்கீங்க. வேலை உங்களுக்குத்தான்."

லேட்டுவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் கடை மூட்டைகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தான்.

"அந்தக் கார்க்காரன் என்ன பண்ணினான் மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"அதை ஏன் கேட்கறே! அங்க ஒரு பக்கம்தான் ரோடு. இந்தப் பக்கத்து வண்டிங்க போனதும், கடைசி வண்டிக்காரன்கிட்ட ஒரு கட்டையைக் கொடுத்து அனுப்புவாங்க. அது அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் எதிர்ப்பக்க வண்டிகளை விடுவாங்க. அதே கட்டை திரும்பி வந்தாத்தான் நாங்க நகர முடியும். இந்தப் புண்ணியவான் கட்டையை வாங்கிப் பின்சீட்ல போட்டுக்கிட்டு, அந்த முனையில நிக்காமலே போயிட்டான்!"

லேட்டுவின் சிரிப்பு பாதியில் நின்றது. காலையில் ரோடு வேலைக்கார அம்மா ஒருத்தி கார் ஜன்னல் வழியாக எதையோ நீட்டி ஏதோ சொன்னாள். அப்போது ஸ்பீக்கரில் அண்ணி அவனுடைய பலத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொடிக்காரர் பாவம், கத்திக்கிட்டே பின்னாடி ஓடினாராம். அந்தத் தடியன் டாட்டா காட்டிட்டுப் போனானாம்! கட்டை இல்லாம ஒரு வண்டியும் விடக்கூடாதுன்னு உத்தரவு. புதுசா ஒண்ணு வெட்டி, பெயின்ட் அடிச்சு, அது காயற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஊரே நின்னுச்சு. தூசியில கார் நம்பரும் தெரியல, நிறமும் தெரியல."

"அடப்பாவமே" என்றாள் அக்கா. 'டாட்டா' என்று கேட்டதிலிருந்து அவள் கண் லேட்டுவின் முகத்தை விட்டு நகரவில்லை.

மேலாளர் லேட்டுவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முதல் வேலையே அவனைக் கண்டுபிடிக்கிறதுதான். கட்டை அவன்கிட்டதான் இருக்கும். முழ நீளம், ரெண்டு முனையிலயும் சிவப்பு பெயின்ட். பொறுப்பா செய்வீங்கல்ல?"

"செ... செய்றேன் மேடம்."

வரவேற்பறை அக்கா எழுந்து போய், முட்டுக் கொடுத்திருந்த கட்டையின் சிவப்பு முனைகள் மறையும்படி ஜன்னல் திரையை மெல்ல இழுத்துவிட்டாள்.