பொடிக்குமிழியோடு ஒரு பேரம்

மீன் தொட்டியின் அடியில் ஒரு கிருமிக்கு மூச்சு முட்டியது. காற்று கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். பம்பிலிருந்து கிளம்பிய பெரிய குமிழிகளிடம், "கொஞ்சம் நின்னு போங்கய்யா" என்று கத்தியது. அவையோ நிற்காமல் மேலே ஓடி உடைந்தன.

கண்ணுக்கே தெரியாத ஒரு பொடிக்குமிழி மட்டும் ஏற மாட்டாமல் பக்கத்தில் தங்கியது.

"உங்கிட்ட என்னத்த காத்து இருக்கப்போவுது? பாதியாவது குடு" என்றது கிருமி.

"எடுத்துக்கோண்ணே."

"இவ்வளவு சுளுவா ஒத்துக்கிறியே, என்ன தில்லுமுல்லு? முக்கால் வேணும்."

குமிழி கரைந்துகொண்டே இருந்தது. அதன் காற்று தண்ணீரில் கலக்கக் கலக்க, கிருமிக்கு மூச்சு சீராகி உடம்பும் பருத்தது. பேரத்தின் சூட்டில் அது கவனிக்கவில்லை.

"முழுசா குடு, இல்லாட்டி நடையைக் கட்டு" என்று திரும்பினால், குமிழியைக் காணோம்.

"ஏமாத்திட்டு ஓடிட்டான்" என்று கறுவியபடியே கிருமி இரண்டாகப் பிரிந்தது.

புதிதாகப் பிறந்தது கேட்டது: "எவண்ணே அவன்? என் பங்கையுமா?"