ஆடாத கட்டை

விறகுக் கடைக் காத்தவராயனுக்குத் தீராத இடுப்பு வலி. அதிகம் குனியாமல் விறகு பிளக்க, அடியில் வைத்துக்கொள்ள நல்ல கட்டை ஒன்றைத் தேடினான். வேப்பங்கட்டை ஆடியது; அதைப் பிளந்து அடுப்பில் வைத்தான். மாங்கட்டை குள்ளம், அதுவும் அடுப்புக்குப் போனது. கடைசியாக, ஒரு புளியமரத்தின் அடித்தூர் முழங்கால் உயரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"இதுதான்டா கட்டை" என்றான். புளியங்கட்டைக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

சில நாள் கழித்து, அதே புளியமரத்தின் கிளையொன்றைக் கொண்டுவந்து கட்டையின் தலைமேல் நிறுத்தினான்.

"அண்ணே, நான்தான். தெரியுதா?" என்றது கிளை.

"தெரியுது தங்கச்சி."

"அவன் கோடாலியை ஓங்கும்போது ஒரே ஒரு தடவை அசைஞ்சு குடுண்ணே. அந்த ஓடையில உருண்டு விழுந்து தப்பிச்சிடுவேன்."

ஓடை பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீரும் நிறைய ஓடியது. கட்டை அதைப் பார்த்தது. பிறகு அடுப்பைப் பார்த்தது.

"எனக்கு ஆடத் தெரியாதும்மா" என்றது.

கோடாலி இறங்கியது. கிளை இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தது.

"இவ்வளவு சுகமான கட்டை எனக்கு வாய்ச்சதே இல்லை" என்று காத்தவராயன் தட்டிக்கொடுத்தான். அவன் கை பட்ட இடம் கட்டைக்கு வெகுநேரம் வலித்தது.

அடுத்து ஏறிய விறகு கீழே எட்டிப் பார்த்தது.

"இது யாரு? நம்ம ஆளு மாதிரி இருக்கே?"

"இல்லை, அவர் எங்க ஆளு" என்றது கோடாலி.

கட்டை அப்போதும் ஆடாமல் நின்றது.