இரண்டு அகப்பைக்காரிகள்

பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

கொல்லையில் வரிசையாகப் பானைகள். சுடுசோற்றின் ஆவி.

சுமந்து வந்த பெண்கள் மூச்சு வாங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் லேயி.

மேற்கு ஆப்பிரிக்காவில், டான் மக்களின் அந்த மலையூரில், எவள் கை தாராளமோ அவளிடம்தான் தெரு தன் அகப்பையைக் கொடுக்கும். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். ஒரே மரத்தில் செதுக்கியது. காம்பு கீழே இரண்டு கால்களாகப் பிரியும். ஒரு பெண்ணின் கால்கள். அதற்குள் ஒரு தெய்வம் குடியிருப்பதாகச் சொல்வார்கள்.

மேற்குத் தெரு அகப்பை கதவைத் திறந்தவளிடம். கிழக்குத் தெருவுடையது லேயியிடம்.

விழாவுக்கு வருகிறவர்களுக்கு அகப்பைக்காரிதான் சோறு போடுவாள். விழாவுக்கு விழா போட்டி. யார் வாசலில் விருந்தாளி அதிகம், யார் பெயரைப் பாடகர்கள் ஓங்கிப் பாடினார்கள் என்று. இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷங்கள் ஆகின்றன.

இந்த விழாவுக்கு முன் அவளுடைய நெற்குதிர் தீயில் போய்விட்டது. யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. இருந்ததைப் பொங்கினாள். பாதிப் பந்தியிலேயே பானை காலி.

மீதிப் பேர் வாசலில் பாய் மேல் காத்திருந்தார்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் அகப்பையை ஒப்படைத்துவிடலாம் என்றுதான் பின்பக்கமாக வந்தாள்.

"இத உன் வாசல்லயே போட்டிருக்கலாமே," என்றாள். "இங்க போட்டா பேரு எனக்குல்ல வரும்?"

"உன் வாசல்ல ஆளுங்க பசியோட உக்காந்திருக்காங்க," என்றாள் லேயி.

அவ்வளவுதான்.

மேற்குத் தெருக்காரி தன் தெருப் பெண்களை அழைத்தாள். பானைகள் முன்வாசலுக்குப் போயின. அகப்பையை இரு கைகளாலும் ஏந்தி ஆடிக்கொண்டே வந்தாள். மேளம் எழுந்தது. பாடகர்கள் அவள் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

லேயி. கையில் ஒரு கிண்ணத்தோடு, மற்ற விருந்தாளிகளுக்கு நடுவில் நின்று, அவள் பெயரைப் பாடிக்கொண்டிருந்தாள்.

லேயியின் முறை வந்தது. அவள் அகப்பை நிறைய அள்ளினாள். வழிந்து சில பருக்கைகள் மண்ணில் விழுந்தன. லேயி நிமிர்ந்து பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அயலூர்க்காரி ஒருத்தி நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள்.

"கூச்சப்படாம இன்னொரு தடவ கேளுங்கக்கா. இந்தம்மா இல்லன்னே சொல்ல மாட்டாங்க."

லேயி தலையாட்டினாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

பிறகு எழுந்து, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, மறுபடியும் அவளிடம் வந்தாள்.