முதுகில் வைத்த காது

ஒரு வாரமாகக் கூண்டே ஆடும்படி இருமியது சேவல். மூச்சு வாங்கியதில் மதில்மேல்கூட ஏற முடியவில்லை. அப்பேர்ப்பட்டது, டாக்டர் மரங்கொத்தியைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பார்த்த கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர். இவதான் சும்மா பயந்து சாகறா."

"இருக்கட்டும். நான் உங்க முதுகில் காதை வைக்கிறேன். நீங்க மெதுவா, ஒரே மாதிரி 'கொ'ன்னு இழுங்க, போதும். அந்தச் சத்தம் நெஞ்சு வழியா எப்படி வருதுன்னு பார்க்கணும்."

சேவல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கச்சேரியே வைத்தது. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு குழைவு வேறு.

"ஏங்க, இங்க என்ன பரிசா கொடுக்கப் போறாங்க? சொன்னதை மட்டும் செய்யுங்களேன்!"

"நீ சும்மா இரு. இது நோயாளியோட குரலா? டாக்டரே சொல்லட்டும்."

"ஐயா, உங்க வாய்ப்பாட்டைக் கேட்க நான் வரலை," என்று அலுத்துக்கொண்டார் மரங்கொத்தி. "அம்மா, நீங்களே வந்து கேளுங்க."

கோழி வலப்பக்கம் காதை வைத்தது. கூவல் கணீரென்று வந்தது. இடப்பக்கம் வைத்தது. அதே கூவல், தலையணைக்கு அடியில் யாரோ முனகுவதுபோல் கேட்டது.

"உள்ளே நீர் கோத்திருக்கு, அதான் சத்தம் அமுங்குது. இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கணும்," என்றார் மரங்கொத்தி.

சேவல் பெருமையாகத் திரும்பியது. "கேட்டியா? எப்படி இருந்தது?"

கோழி டாக்டரிடம் மருந்தை வாங்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றது.

"பிரமாதம். இப்போ அதே வாயை மருந்துக்குத் திறங்க!"