இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டிய பெயர்

ஹாலிவுட், 1934. படம் முழுக்கத் துப்புத் துலக்கிய டீச்சராக நடித்த வெர்னா, தேநீர்த் தட்டுடன் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் கடைசி வசனத்தை இன்று காலைதான் டைரக்டர் அவளிடமிருந்து பிடுங்கி, இன்ஸ்பெக்டர் வேடத்திலிருக்கும் கிளைடிடம் கொடுத்தார். "பொம்பள சொன்னா எவன் நம்புவான்?" என்றார். கிளைடுக்கு ஒரு வரியும் மனப்பாடம் இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு வெர்னா சத்தமில்லாமல் உதட்டை அசைத்து வரிவரியாக எடுத்துக் கொடுக்கிறாள். அவனும் கம்பீரமாக ஒப்பிக்கிறான். "ஆகவே, கொலைகாரர்..." அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கிளைடின் நெற்றியில் பவுடர் கரைந்து வழிகிறது. "பேரைச் சொல்லித் தொலைய்யா!" டைரக்டர் கத்துகிறார். திக்குமுக்காடிய கிளைடு, கம்பளத்தில் கிடக்கும் பிணத்தை நோக்கி விரலை நீட்டுகிறான். "நானா?" என்று பிணம் எழுந்து உட்காருகிறது.