அகல ரயர்

"கையை எடு அலோசியஸ்! அந்த ரயரை அந்த றிம்மிலை ஏத்தினியோ, பிறகு என்னோடை கதைக்காதை!"

ஒரேத்தோத் தெருவில் இருந்த அந்த ரயர் கடை வாசலில் நின்றபடியே நகுலேஸ்வரன் குழறினார். மதியச் சாப்பாட்டு நேரம். முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். உள்ளே தனியாக வேலை செய்துகொண்டிருந்த அலோசியஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவனுக்கு முன்னால், முன்சில்லு ஒன்று கழற்றிய பிக்கப் ஒன்று ஜக்கில் ஏறி நின்றது.

"நகுலண்ணையே! நேரத்தோடை வந்திட்டியள். சிஞ்ஞோரே காலமை வண்டியை விட்டிட்டு, பின்னேரந்தான் ட்ரைவர் வந்து எடுப்பான் எண்டவர்."

"இப்ப வந்தது நல்லதாப் போச்சு. றிம் எத்தினை அகலம்?"

"ஏழு அங்குலம்."

"ரயர்?"

"பன்னிரண்டரை." அலோசியசின் குரல் இறங்கியது.

"அட கோதாரி! பன்னிரண்டரை ரயருக்கு ஆகக் குறைஞ்சது எட்டரை அங்குல றிம் வேணும். ஏழிலை கொண்டுபோய்ப் பூட்டினால், வாயை இறுக்கிக் கட்டின அரிசிச் சாக்கு மாதிரி நடுவாலை வீங்கிக்கொண்டெல்லோ நிக்கும்! இதோடை மலையேறச் சொல்லுறியோ?"

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. அந்தப் பிக்கப்பை வாங்கிய நாளிலிருந்து ஓட்டியவர் அவர்தான். சிஞ்ஞோரே என்று இவர்கள் கூப்பிட்ட வண்டிச் சொந்தக்காரரின் திராட்சைத் தோட்டம் மலைக்கு மேலே இருந்தது. போகிற வழி முழுவதும் கூர்க்கல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கல்லில் பிடிமானம் கிடைக்க ரயரில் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் ஏறவேண்டும்.

"காத்தைக் குறைச்ச நேரம் வளைவிலை ரயர் றிம்மை விட்டுக் கழண்டுதெண்டால், இந்த ஊரைக் காக்கிற சாந்தா ரொசாலியாவே இறங்கி வந்தாலும் வண்டியைப் பிடிக்கேலாது. தெரியுமோ உனக்கு?"

"எனக்குத் தெரியாதே அண்ணை? சிஞ்ஞோரேக்கும் சொன்னனான். அவருக்கு அகல ரயர்தான் வடிவாம். புது றிம்மும் தேவையில்லையாம். கேட்டதைப் போட்டுக் குடு எண்டு முதலாளியும் சொல்லிப்போட்டார். இங்கை தங்கிற பெர்மெஸ்ஸோப் பத்திரத்தைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன். இந்த நேரத்திலை வேலை போச்சுதெண்டால் நானும் பிள்ளையளும் ரயில் ஸ்தாசியோனே வாசலிலைதான் படுக்கவேணும்."

"வடிவோ? பள்ளத்துக்கை கிடக்கேக்கை ஆர் வந்து வடிவு பாக்கிறது?"

அலோசியசுக்கும் எரிச்சல் வந்தது. பசி வேறு.

"பயமெண்டால் மெல்லமா ஓடுங்கோவன். தாயின்ரை காரியத்துக்கு நீங்கள் திருச்சிக்குப் போய் நிண்டநேரம், உங்கடை இடத்திலை என்ரை தம்பி அன்ரனிதானே ஓடினவன்? அவன் ஒரு நாளும் இப்பிடித் துள்ளேல்லை. நீங்கள் திரும்பி வந்திட்டியள், பாவம், அவன் இனி வேறை வேலை தேடவேணும். வேலை இருக்கிற நீங்கள் நிண்டு குதிக்கிறியள்!"

நகுலேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது. எதையோ சொல்ல வாயெடுத்தவர் விழுங்கிக்கொண்டார்.

"விசர்க்கதை கதையாதை! ஓடுறவன் ஆராயிருந்தால் என்ன? அவனை நம்பி ஒரு குடும்பம் இல்லையே? மனிச உயிர் உங்களுக்கு அவ்வளவு மலிவாப் போச்சே?"

"சரி, சும்மா வாயடிக்காதேங்கோ. பூட்டிப் பாப்பம்!"

அலோசியஸ் கடுப்போடு அகல ரயரை றிம்மில் ஏற்றிக் காற்றடித்து, சில்லை வண்டியில் பூட்டினான். அடையாளம் போடுகிற வெண்கட்டியை எடுத்து, ரயரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பட்டையாகப் பூசினான். ஜக்கை இறக்கி, இருவருமாக வண்டியைத் தள்ளி உருட்டினார்கள். பிறகு குனிந்து பார்த்தார்கள். நடுவில் மட்டும் வெள்ளை அழிந்திருந்தது. இரண்டு ஓரமும் பூசியது பூசியபடி கிடந்தன.

"பாத்தியோ? சிஞ்ஞோரே லீராவைக் கொட்டி வாங்கிற அகலத்திலை பாதி நிலத்திலை முட்டவேயில்லை. இதுக்கை ஒரு வடிவு! பத்தரையைப் போடு. ஏழு அங்குல றிம்முக்கு அதுதான் எல்லை. முதலாளி கேட்டால் இந்த வெள்ளையைக் காட்டு. நகுலேஸ்வரன் வந்து சண்டை பிடிச்சவன் எண்டு சொல்லு. பழியை என்ரை தலையிலை போடு."

அலோசியஸ் தலையைச் சொறிந்தான். பிறகு அகல ரயரைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, பத்தரை அங்குல ரயர்களை இறக்கினான். நான்கும் பூட்டி முடியும்வரை நகுலேஸ்வரன் அசையவில்லை. ஒவ்வொரு நட்டும் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் அவருடைய வாய் ஓய்ந்தது.

"அப்பாடா! உங்கடை உயிர் இனிப் பத்திரம்," என்று சிரித்தபடி அலோசியஸ் வண்டியின் திறப்பை நீட்டினான். "இந்தாங்கோ, கொண்டு போங்கோ."

நகுலேஸ்வரன் கையை நீட்டவில்லை.

"எனக்கேன் திறப்பு? நான் வேலை தேடி இந்த றோட்டாலை போகேக்கைதான் வண்டியைக் கண்டனான்," என்றபடி அவர் வாசலைத் தாண்டினார். "குறைஞ்ச சம்பளத்துக்கு ஓடுறனெண்டு சிஞ்ஞோரேயிட்டைச் சொல்லி என்ரை வேலையைப் பிடிச்சவன் பின்னேரம் வருவான். உன்ரை தம்பி அன்ரனிதான், அவனட்டைக் குடு."