சர்க்கரையில் ஒரு முகம்

லுபேகாவின் தலை இரண்டாவது முறையாகக் கழன்று மேசையில் விழுந்தது.

நமுகாசா அதை எடுத்து, ஒட்டியிருந்த சோளமாவை ஊதிவிட்டாள். பெரிய நெல்லிக்காய் அளவு தலை. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவில் கோகோ சேர்த்துப் பிசைந்து, காலையிலிருந்து உருட்டி உருட்டிச் செய்தது. உடம்பு ஏற்கெனவே தயார். வீட்டிலேயே சுட்ட மூன்றடுக்குப் பழக் கேக்கின் உச்சியில், வெள்ளை அங்கியும் கறுப்புக் கோட்டும் போட்டுத் தலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நாளை மகள் கொரெட்டியின் கல்யாண அறிமுகச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் கம்பாலாவின் மறுகோடியிலிருந்து கூடை கூடையாகச் சீர் கொண்டுவருவார்கள். பெண் மண்டியிட்டு, பெற்றவர்களுக்குக் கேக்கை நீட்ட வேண்டும். "அப்பாதான் இல்லை, கேக்கு மேலயாவது உக்காந்திருக்கட்டுமேம்மா" என்று கொரெட்டி கேட்டபோது நமுகாசாவால் மறுக்க முடியவில்லை.

அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. நத்தேத்தே வட்டாரத்துக்கே கேக் செய்து கொடுக்கிறவள். அவள் வைத்த பொம்மை எதுவும் இதுவரை கழன்று விழுந்ததில்லை. இருபத்து நான்கு வருடமாக லுபேகாவின் பெயரைச் சொல்லி மாதா சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். அப்போதெல்லாம் வராத மனுஷன் இப்போது தினமும் கனவில் வந்து சாப்பாடு கேட்கிறார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் மூக்கைக் கிள்ளி வைத்ததும் அது அவர் மூக்காகவே இருந்தது. கண்ணுக்குக் குழி போட்டதும் பார்த்தார்.

காய்ந்த ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றைக் கழுத்தில் நட்டு, தலையை மூன்றாம் முறை அழுத்தினாள். நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் எந்தச் சர்க்கரை மாவும் வியர்க்கும், அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"யாரைப் பார்த்தும்மா சிலுவை போடுறே?"

கொரெட்டிதான். முடி பின்னிக்கொண்டு வருகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பியவள், மதியம் மூன்று மணிக்கு வந்து நிற்கிறாள். தலை பின்னாமல், போன மாதிரியே திரும்பி வந்திருந்தது.

"நாளைக்கு இந்தக் குருவிக்கூட்டோடதான் சபையில நிக்கப் போறியா?"

கொரெட்டி கேக்கை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து பொம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா சாகறப்போ முப்பது வயசுன்னுதானே சொன்னே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"கிருதாவுல நரை இருக்கே?"

"நரை ஏதுடி! மாவு ஒட்டியிருக்கு." நமுகாசா தூரிகையால் தட்டிவிட்டாள். போகவில்லை.

"நான் மசாக்காவுக்குப் போயிட்டு வந்திருக்கேம்மா" என்றாள் கொரெட்டி.

தூரிகை கீழே விழுந்தது. மசாக்கா, லுபேகாவின் ஊர்.

இதற்குத்தான் நமுகாசா பயந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்ணைச் சபைக்கு அழைத்து வருகிறவள் அப்பாவின் கூடப்பிறந்தவள். அத்தை இல்லாமல் எந்தப் பெண்ணும் கட்டிக்கொண்டு போனதில்லை. நமுகாசா யோசித்து யோசித்து, வாடகைக்கு ஓர் அத்தையை ஏற்பாடு செய்திருந்தாள். எங்கள் ஊரில் அதுவும் கிடைக்கும். பிள்ளை என்றால் அப்பா வீட்டுப் பிள்ளைதான், அவர்கள் கேட்டு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும். மகள் கைவிட்டுப் போய்விடுவாள் என்ற அந்த ஒரே பயத்தில்தான் மசாக்கா பக்கமே மகள் போகாமல் இத்தனை காலம் பார்த்துக்கொண்டாள்.

"அவங்க வாசலை மிதிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீ வயித்துல இருக்கறப்போ என்னைத் துரத்தின கூட்டம்டி அது!"

"வாடகை அத்தை கையைப் பிடிச்சுட்டு என்னால வர முடியாதும்மா. சொந்த அத்தை இருக்காங்களே."

"பார்த்தியா அவளை?" நமுகாசா குரலைத் தாழ்த்தினாள். "என்ன சொன்னா?"

"முதல்ல என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் கட்டிப் பிடிச்சுட்டு ஒரே அழுகை. நான் ஒருத்தி பொறந்ததே அவங்களுக்குத் தெரியாதாம்."

நமுகாசா விழுந்த தூரிகையை எடுத்து மேசையில் வைத்தாள். வெளியே நாளைய விருந்துக்கு வாழைக்காய் உரிக்கிற பெண்களின் சிரிப்பு கேட்டது.

"இப்ப எங்கே அவ?"

"வாசல்ல. வண்டியில இருக்காங்க."

நமுகாசா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. மகளின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவளுக்குப் புத்தி பிசகி ரொம்ப நாளாச்சு, கொரெட்டி. வாய்க்கு வந்ததை உளறுவா, எதையும் நம்பாதே. அறுபது வயசுக்காரி, மூணு மணி நேரம் அந்தப் பாழாப்போன ரோட்டுல... எப்படித்தான் வந்து சேர்ந்தா?"

கொரெட்டி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அப்பாதாம்மா வண்டி ஓட்டிட்டு வந்தார்."